ஏழரை

ஆறு சின்ன இசைத்தட்டுகள், பன்னிரண்டு பக்கங்கள்.
எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவருகிறேன் என்று
ஒஹாயோவிலிருந்து குவென்டின் எழுதியிருக்கிறான்.
நாங்கள் பிரிந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை.

குழுவின் பெயர் இடக்கைக் கத்தரிக்கோல்.
கொரீன் இடக்கைக்காரி. பேஸ்.
டேரல் ரன்டாலா டிரம்ஸ்.
கிதார் நான்.
மூவருக்குமே பாட வராது, ஆகவே பாடவில்லை.

டுலூத். ஏரி தன்னைக் கடலென்று
நம்பிக்கொண்டிருக்கும் ஊர்.
மீனுக்குப் புகையூட்டும் கடையின் நிலவறையில்
செவ்வாயும் வியாழனும் பயிற்சி.
என் கிதார் பெட்டியைத் திறந்தால்
இன்றைக்கும் பூனைகள் வருகின்றன.

நாலு நாலாக எண்ணப் பிடிக்காது எங்களுக்கு.
நாலுக்கு ஊரே தலையாட்டும்.
ஐந்துக்குக் கொஞ்சம் யோசிக்கும்.
ஏழில் தன் கால்களையே
சந்தேகமாகப் பார்க்கும்.
பதினொன்றில் பீர் வாங்கப் போய்விடும்.
பதின்மூன்று முடியும்போது அறையில் ஆறு பேர்,
அதில் ஒருவன் கொரீனின் தம்பி;
வேன் சாவி அவனிடம் இருந்தது.

நாலாவது தட்டு: ‘பனிவாரி வண்டி மீது ஒரு புகார்’.
நவம்பர். வாடகைக்கு எடுத்த டேப் மெஷின்.
மிச்சமிருந்த நாடா ஒரே ஒரு முறைக்குத்தான்.
இரண்டாம் நிமிடத்தில்
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று
பாலத்தைத் தூக்கச் சொல்லி ஊதியது.
நிலவறையின் ஜன்னல் கண்ணாடி
பேஸை விட நன்றாக அதிர்ந்தது.

டேரலின் குச்சி அந்தரத்தில் நின்றது.
ஏழு.
ஏழு கடந்து ஒரு அரை.
எட்டு, எட்டவில்லை.
அதற்குள் அவன் விழுந்தான் தாளத்தின் மேல்,
படி இருக்குமென்று நினைத்துக் காலை வைத்தவன் மாதிரி.
நாங்கள் இருவரும் அவன் பின்னாலேயே விழுந்தோம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுபடி வாசிக்கலாம் என்றாள் கொரீன்.
எதில் என்றேன் நான்.
தட்டு அச்சான செலவில் என் பங்கு
நாற்பத்து மூன்று டாலர். டேரல் கொடுத்தான்.
பதினேழால் வகுக்கத் தெரிந்த எனக்கு
அதைத் திருப்பித்தர ஒரு நாளும் வாய்க்கவில்லை.
பிரிந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வோம்.
மூன்றும் பொய்.

அச்சில் கப்பல் வரவில்லை.
அவ்வளவு அடி ஆழத்து ஓசையை
அந்தச் சின்னத் தட்டு தாங்காதென்று
தொழிற்சாலையில் வழித்து எறிந்துவிட்டார்கள்.
எஞ்சியது இடைவெளி மட்டும்.
ஒசாகாவில் சில பிள்ளைகள்
அந்த ஏழரையை மயிரிழை பிசகாமல் வாசிக்கிறார்களாம்.
உறைக்கான குறிப்பில் குவென்டின் எழுதுகிறான்:
‘மௌனத்தையே பின்னமாக்கிய துணிச்சல்.’

கூடவே ஒரு கேள்வி:
மூல நாடாவில் ஏதோ உறுமல் கேட்கிறது,
துடைத்துவிடட்டுமா?

இருபத்தாறு வருடம் கழித்து டேரலைக் கூப்பிட்டேன்.
நெடுஞ்சாலை எடைமேடையில் வேலை.
லாரிகளை நிறுத்தி
அச்சுக்கு எவ்வளவு பாரம் என்று பார்ப்பவன்.
பாட்டைப் போனிலேயே போட்டுக் காட்டினேன்.
அவன் பக்கம் லாரி ஒன்று ஏறி, நின்று, இறங்கியது.

‘கப்பலுக்காக நான் நிக்கல.
எண்ணிக்கை விட்டுப்போச்சு.
அது ஊதலேன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்
உங்க ரெண்டு பேருக்கும்.’

தெரியும் என்று சொல்லவில்லை நான்.
நானும் ஆறிலேயே விட்டிருந்தேன்.

‘சரி, அந்த நாற்பத்து மூணு?’ என்றான்.
காசோலை அனுப்பினேன்.
காசாக்கினான், முதல் நாளே.
ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வந்தது,
கட்டத்துக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி.

உறுமலைத் தொடாதே என்று
குவென்டினுக்கு எழுதிவிட்டேன்.
அது யார் வாசித்தது என்று கேட்டான்.
இன்னும் பதில் போடவில்லை.

கொரீனிடமிருந்து ஒரே ஒரு வரி:
கப்பல் இருக்கட்டும்,
என் பேஸைக் கொஞ்சம் கூட்டி வை.